ஹார்த்ஸ்டோனில் எந்த டெக் பலமானது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஹார்த்ஸ்டோன் ஆடுகிறவன் என்று தெரிந்ததும் வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இப்போ எந்த டெக் டாப்?” பதில் சொன்னால், அடுத்த வாரம் அதே ஆள் வந்து “நீ சொன்ன டெக்கை ஆடி வரிசையாகத் தோற்றேன்” என்பார். சொல்லிச் சொல்லி அலுத்த பதில்களை எல்லாம் இங்கே ஒன்றாகப் போட்டுவிட்டேன். இந்த மாதத்து டாப் 5 பட்டியல் இதில் கிடையாது. பேலன்ஸ் மாற்றம் (சீட்டுகளின் பலத்தை நிறுவனம் திருத்துவது) ஒன்று வந்தால் போதும், அது கிழித்துப்போட்ட நாள்காட்டித் தாள். ஆனால் எந்த டெக் எதனால் கொடிகட்டிப் பறந்தது என்பது மாறாது. அது புரிந்தால் இன்றைக்கு வருகிற டெக்கையும் நீங்களே எடைபோடலாம்.

எனக்கு விளையாட்டே தெரியாது. முதலில் டெக் என்றால் என்ன?

பிளிஸார்டு நிறுவனம் 2014 மார்ச்சில் முறையாக வெளியிட்ட டிஜிட்டல் சீட்டு விளையாட்டு இது. உங்களிடம் உள்ள சீட்டுகளிலிருந்து 30 எடுத்து ஒரு கட்டு சேர்க்கிறீர்கள். அதுதான் டெக். ஒரே சீட்டு 2 வரை வைக்கலாம், லெஜண்டரி என்ற மிக அரிய வகை என்றால் 1 மட்டும். இருவருக்கும் 30 உயிர். முதல் டர்னில் 1 மானா, அடுத்ததில் 2, இப்படி 10 வரை ஏறும். அந்த மானாவைச் செலவழித்துத்தான் மினியன்களையும் (களத்தில் நின்று அடிக்கும் ஆட்கள்) ஸ்பெல்களையும் (மந்திரங்கள்) இறக்க முடியும். எதிராளியின் உயிரை யார் முதலில் பூஜ்யமாக்குகிறாரோ அவர் ஜெயித்தார். ஆரம்பத்தில் 9 கிளாஸ், அதாவது நாயக வகை. 2020ல் டீமன் ஹண்டரும் 2022 டிசம்பரில் டெத் நைட்டும் சேர்ந்து 11 ஆயின. ஒவ்வொரு கிளாஸுக்கும் தனிச் சீட்டுகள் உண்டு. மற்றதை ஆடிப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

சரி, ஒரே வரியில் சொல்லுங்கள். எது டாப் டெக்?

ஒரே வரியில் சொல்ல முடியாது. நழுவுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

எல்லா டெக்கையும் தோற்கடிக்கும் டெக் என்று ஒன்று வந்தால் அதை உடனே பிடித்து அடக்கிவிடுவார்கள். மற்ற நேரமெல்லாம் கல், காகிதம், கத்தரிதான். வேகமாக முகத்தில் (எதிராளியின் உயிரில் நேராக) அடித்து 6, 7 டர்னில் முடிக்கப் பார்ப்பது அக்ரோ. எல்லாவற்றையும் தடுத்து எதிராளியின் மூச்சை வாங்கவைத்து ஜெயிப்பது கண்ட்ரோல். குறிப்பிட்ட சில சீட்டுகள் கையில் சேரும்வரை தாக்குப்பிடித்து ஒரே டர்னில் முடிப்பது காம்போ. பொதுவாகக் காம்போ தயாராவதற்குள் அக்ரோ அதை முடித்துவிடும். அக்ரோவைக் கண்ட்ரோல் அமுக்கும். நிதானமாக உட்கார்ந்திருக்கும் கண்ட்ரோலைக் காம்போ தூக்கிவிடும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பழைய ஃப்ரீஸ் மேஜ். அலெக்ஸ்ட்ராஸா என்ற 9 மானா டிராகனை இறக்கினால் எதிராளியின் உயிர் நேராக 15க்கு வந்துவிடும். அப்புறம் ஃபயர்பால் 6, இன்னொரு ஃபயர்பால் 6, ஃப்ராஸ்ட்போல்ட் 3, கணக்கு தீர்ந்தது. அழகான திட்டம். எதிரில் கண்ட்ரோல் வாரியர் உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் பாழ். வாரியருக்கு உயிருக்கு மேல் கவசம் ஏறிக்கொண்டே போகும், அலெக்ஸ்ட்ராஸா கவசத்தைத் தொடுவதில்லை. உயிர் 15, கவசம் 25 என்று நிற்கிறவரை எந்த ஃபயர்பாலால் என்ன செய்வது? டெக் அதேதான், ஆடுகிறவர் அதே ஆள்தான். தெருவில் வாரியர் கூட்டம் அதிகமான வாரத்தில் ஃப்ரீஸ் மேஜ் குப்பை, வாரியர் இல்லாத வாரத்தில் தங்கம்.

இப்படி, எந்தெந்த டெக்கை எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்ற நிலவரத்தைத்தான் மெட்டா என்கிறார்கள். டாப் டெக் எது என்று கேட்கும்போது தேதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

டியர் 1 (முதல் தர) டெக்குக்கே வெற்றி விகிதம் 55 சதவீதம்தான் என்கிறார்கள். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

ஆமாம், இதற்குத்தான். காசைச் சுண்டினாலே 50 கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் அந்த 5 சதவீதம் என்ன செய்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

2020ல் வந்த லேடரில் (ரேங்க் ஏறும் ஏணி) டைமண்ட் 5 என்பது ஒரு தளம். அதற்குக் கீழே விழ மாட்டீர்கள், ஆனால் தொடர் வெற்றிக்கான போனஸும் அத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து உச்ச ரேங்கான லெஜண்டுக்கு 5 படி, படிக்கு 3 நட்சத்திரம், மொத்தம் 15. ஜெயித்தால் ஒன்று ஏறும், தோற்றால் ஒன்று போகும். இந்தக் கணக்கில் 60 சதவீதம் ஜெயிக்கிறவருக்குச் சராசரியாக 65 ஆட்டம் போதும். 55 என்றால் சுமார் 107. 52 என்றால் 165. சரிபாதி ஜெயிக்கிறவரும் தளத்தின் புண்ணியத்தில் ஒருநாள் போய்ச் சேரலாம், ஆனால் சராசரி 240 ஆட்டம்.

இதில் நேரத்தையும் போட்டுப் பாருங்கள். அக்ரோ ஆட்டம் 6 நிமிடத்தில் முடிகிறது என்று வைத்தால் 107 ஆட்டத்துக்கு 11 மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. கண்ட்ரோல் ஆட்டம் 15 நிமிடம் என்றால் அதே 107க்கு கிட்டத்தட்ட 27 மணி நேரம். மாதக் கடைசியில் லேடர் முழுக்க அக்ரோவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது.

டியர் லிஸ்ட்டை நம்பலாமா?

நம்பலாம், யாருடைய ஆட்டங்களிலிருந்து எடுத்தது என்று பார்த்துவிட்டு. டெக் டிராக்கர் (ஆட்டத்தைப் பதிவுசெய்யும் மென்பொருள்) போட்டிருப்பவர்களின் ஆட்டங்களைச் சேகரித்து ஹெச்எஸ்ரீப்ளே, விஷியஸ் சிண்டிகேட் போன்றவர்கள் புள்ளிவிவரம் தருகிறார்கள். அதில் எல்லா ரேங்கையும் கலந்தால் ஒரு முகம், லெஜண்டை மட்டும் எடுத்தால் வேறு முகம். ஆடக் கடினமான டெக் கலவைப் பட்டியலில் எப்போதும் கீழே கிடக்கும், ஏனென்றால் அதைத் தப்பாக ஆடுகிறவர்களின் தோல்வியும் அந்தக் கணக்கில்தான் விழுகிறது.

இதுவரை வந்ததில் மிகக் கொடூரமான டெக் எது?

இதற்குப் பதில் சொன்னால் சண்டை வரும். இருந்தாலும் என் பட்டியல் இது.

முதலில் 2014ன் அண்டர்டேக்கர் ஹண்டர். அண்டர்டேக்கர் என்பது 1 மானாவுக்கு 1/2 (தாக்குதல் 1, உயிர் 2) மினியன். டெத்ராட்டில் (சாகும்போது வேலை செய்யும் பலன்) உள்ள மினியன் ஒன்றை நீங்கள் இறக்கும்போதெல்லாம் அதற்கு +1/+1. இரண்டாவதாக ஆடுகிறவருக்குக் ஒருமுறை 1 மானா கூடுதலாகத் தரும் காயின் கிடைக்கும் அல்லவா, அதை வைத்து முதல் டர்னிலேயே அண்டர்டேக்கரும் லெப்பர் நோமும் இறங்கினால் அது 2/3. அடுத்த டர்னில் ஹாண்டட் கிரீப்பர், 3/4. மூன்றாவது டர்னில் வெப்ஸ்பின்னரும் இன்னொரு கிரீப்பரும் இறங்கினால் 5/6. எதிராளி அப்போதுதான் இலை போட்டு உட்கார்ந்திருப்பார், இங்கே பந்தியே முடிந்திருக்கும். 2015 ஜனவரியில் ஏறுவது தாக்குதல் மட்டும்தான், உயிர் ஏறாது என்று மாற்றினார்கள். அத்தோடு அந்தச் சீட்டு காணாமல் போனது.

அடுத்து 2015 ஆகஸ்டில் வந்த சீக்ரெட் பாலடின். இதை ஒரு பாடமாகவே பார்க்கலாம். பாலடினின் 1 மானா சீக்ரெட்டுகளை (எதிராளி ஏதாவது செய்யும்போது தானே வெடிக்கும் மறைவுச் சீட்டுகள்) அதுவரை யாரும் சீந்தியதில்லை. தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அரைச் சீட்டு மதிப்புக்கூடப் பெறாது. மிஸ்டீரியஸ் சேலஞ்சர் என்ற 6 மானா 6/6 மினியன் வந்தது. இறங்கும்போதே டெக்கில் உள்ள ஒவ்வொரு வகைச் சீக்ரெட்டிலும் ஒன்றை இழுத்துக்கொண்டு வரும். நான்கைந்து சீக்ரெட் ஒரே நேரத்தில் விழுந்தால் எதிராளிக்கு எதை முதலில் தொடுவதென்றே தெரியாது. அதோடு அந்தச் சோப்ளாங்கிச் சீட்டுகள் டெக்கைவிட்டுப் போய்விட்டதால் அடுத்து உருவுவதெல்லாம் நல்ல சீட்டு. 7வது டர்னில் டாக்டர் பூம், 8வது டர்னில் டிரியன் ஃபோர்டிரிங். 6, 7, 8 என்று படிக்கட்டு ஏறுவது போல ஆடினால் போதும். மோசமான சீட்டு என்று ஒதுக்கியதை ஒரே ஒரு புதுச் சீட்டு எப்படிப் புரட்டிப் போடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2017ன் இரண்டாம் பாதியில் ராஸா பிரீஸ்ட். ராஸா தி செயின்டு இறங்கும்போது டெக்கில் எந்தச் சீட்டும் இரட்டையாக இல்லையென்றால் ஹீரோ பவர் (கிளாஸுக்கென்று உள்ள நிரந்தரத் திறன்) இனி இலவசம். 8 மானா ஷேடோரீப்பர் ஆண்டுவினை இறக்கினால் ஹீரோ பவர் 2 டேமேஜ் அடிப்பதாக மாறும், நீங்கள் ஒவ்வொரு சீட்டு ஆடியதும் அது திரும்பத் தயாராகும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: கையில் உள்ள ஒவ்வொரு மலிவுச் சீட்டும் கூடவே 2 டேமேஜ். புராஃபெட் வெலன் நின்றால் அது 4. 30 சீட்டும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் டெக் தடுமாறும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 2018 பிப்ரவரியில் ராஸாவின் இலவசத்தை 1 மானா ஆக்கினார்கள்.

அப்புறம் 2020 ஏப்ரல் 7. டீமன் ஹண்டர் கிளாஸ் வந்த நாள். லேடரில் எங்கே திரும்பினாலும் அதுதான். மறுநாளே நான்கு சீட்டில் கைவைத்தார்கள். ஸ்கல் ஆஃப் குல்டான் 5 மானாவிலிருந்து 6 ஆனது, ஐ பீம் இலவசமாக அடிக்க முடிந்தது 1 மானா ஆனது. புதுக் கிளாஸ் ஒன்று பிறந்து ஒரு நாளில் நெர்ஃப் (பலக் குறைப்பு) வாங்கியதை வேறு எங்கும் பார்த்ததில்லை.

பேட்ரன் வாரியரை விட்டுவிட்டீர்களே?

விடவில்லை, தனியாக வைத்தேன். அது என் கட்சி.

2015 ஏப்ரலில் பிளாக்ராக் மவுண்டன் என்ற சீட்டுத் தொகுப்போடு கிரிம் பேட்ரன் வந்தது. 5 மானா, 3/3. அடிபட்டும் சாகாமல் நின்றால் பக்கத்தில் இன்னொரு பேட்ரன் முளைக்கும். வார்சாங் கமாண்டர் என்ற 3 மானா சீட்டு அப்போது, 3 அல்லது அதற்குக் கீழ் தாக்குதல் உள்ள மினியன் எது இறங்கினாலும் அதற்கு சார்ஜ் கொடுக்கும். அதாவது இறங்கிய டர்னிலேயே அடிக்கலாம். முளைக்கிற பேட்ரனுக்கும் இது பொருந்தும். 10 மானா டர்னில் கமாண்டர் 3, பேட்ரன் 5, எல்லா மினியனுக்கும் 1 டேமேஜ் கொடுக்கும் விர்ல்விண்ட் 1. எதிராளியிடம் 1, 2 தாக்குதல் உள்ள சின்ன மினியன்கள் வரிசையாக நின்றால் விருந்துதான். ஒவ்வொன்றையும் ஒரு பேட்ரன் போய் அடிக்கும், அடிபடும், சாகாது, இன்னொன்று முளைக்கும், அதுவும் போய் அடிக்கும். இடம் 7 மட்டும் என்பதால்தான் அங்கே நிற்கும்.

இன்னொரு பக்கம் ஃப்ராதிங் பெர்செர்க்கர். எந்த மினியன் அடிபட்டாலும் அதற்குத் தாக்குதல் ஒன்று ஏறும். கமாண்டரோடு இறங்கி, நான்கைந்து விர்ல்விண்ட் போன்ற அடிகள் விழுந்தால், காலியாக இருந்த களத்திலிருந்து 20, 30 டேமேஜ் முகத்தில் விழும். இதற்கு எம்பெரர் தாரிஸன் வேறு உதவி செய்தது, கையிலுள்ள சீட்டுகளுக்கெல்லாம் டர்னுக்கு 1 மானா குறைத்து.

இதில் கூட்டல் கழித்தல் எல்லாம் மனக்கணக்கு, டர்னுக்கு நேரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை தடவை ஜெயிக்க வேண்டிய டர்னை அரைப் பேட்ரனோடு நேரம் முடிந்து விட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. புதியவர் கையில் அந்த டெக் தடவிக்கொண்டு நிற்கும். தேர்ந்தவர் கையில் அதற்கு மாற்றே இல்லை. 2015 அக்டோபரில், அந்த ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப்புக்குக் கொஞ்ச காலமே இருந்தபோது, வார்சாங் கமாண்டரை “சார்ஜ் உள்ள மினியன்களுக்குத் தாக்குதல் +1” என்று மாற்றிவிட்டார்கள். குறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், கொன்றுவிட்டார்கள். இன்றும் பழைய ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது.

நெர்ஃப் ஆகிற டெக் எல்லாம் வெற்றி விகிதம் அதிகமாக இருந்ததால்தானே?

இல்லை. 2017 ஏப்ரலில் அன்’கோரோ தொகுப்போடு வந்த குவெஸ்ட் ரோக்கை எடுங்கள். தி கேவர்ன்ஸ் பிலோ என்ற குவெஸ்ட்: ஒரே பெயருள்ள மினியனை 4 தடவை இறக்கினால் அதற்குப் பின் உங்கள் மினியன் எல்லாம் 5/5. ஒரே மினியனைக் கையில் திரும்ப எடுத்து எடுத்து இறக்குவதுதான் ஆட்டமே. அக்ரோ டெக்கைக் கண்டால் அது பாதியிலேயே செத்துவிடும். மொத்த வெற்றி விகிதம் அப்படி ஒன்றும் பயமுறுத்துவதாக இல்லை. ஆனால் நிதானமான கண்ட்ரோல் டெக் எதையும் அது வாழவிடவில்லை. அந்த டெக்குகளை ஆடுகிறவர்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலையில்லை. 2017 ஜூலையில் 4ஐ 5 ஆக்கினார்கள், 2018 மே மாதம் 5/5ஐ 4/4 ஆக்கினார்கள்.

ஜேட் டிரூயிடும் இதே சாதி. ஜேட் ஐடல் 1 மானா. ஜேட் கோலம் ஒன்றை இறக்கலாம், அல்லது அதன் 3 பிரதியை டெக்கில் கலக்கலாம். ஒவ்வொரு கோலமும் முந்தையதைவிட ஒன்று பெரிசு. டெக் தீரவே தீராது. சீட்டு தீர்ந்தவருக்கு 1, 2, 3 என்று ஏறும் டேமேஜை நம்பி ஆடும் கண்ட்ரோல் ஆட்டக்காரர் இதன் முன்னால் என்ன செய்வார்? கடைசியில் 1 மானா ஸ்பெல்களை எல்லாம் அழிக்கும் ஸ்கல்கிங் கீஸ்ட் என்ற சீட்டையே 2017 ஆகஸ்டில் வந்த செட்டில் (சீட்டுத் தொகுப்பு) அச்சடித்துத்தான் மூச்சுவிட வைத்தார்கள்.

பலமான டெக் வேறு, வெறுப்பேற்றும் டெக் வேறு. நெர்ஃப் இரண்டுக்கும் விழும்.

நெர்ஃப் ஆனால் என் டஸ்ட் போச்சா?

போகாது, லாபம்தான். டஸ்ட் என்பது சீட்டு செய்யச் செலவாகிற, சீட்டை உடைத்தால் கிடைக்கிற தூள். சீட்டு ஒன்றை நெர்ஃப் செய்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு அதை உடைப்பவருக்கு முழு விலையும் திரும்பக் கிடைக்கும். சாதாரண நாளில் லெஜண்டரி செய்ய 1600 டஸ்ட், உடைத்தால் 400. எபிக் 400க்கு 100. ரேர் 100க்கு 20. காமன் 40க்கு 5, அதாவது எட்டுக்கு ஒன்று. இதனால் ஒரு சீட்டு எல்லாரையும் அழவைக்கிறது, நெர்ஃப் வரும் என்ற பேச்சு அடிபடுகிறது என்றால் அதை உடைக்காமல் பொறுத்திருங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு ஒரு லெஜண்டரியை 400க்கு உடைத்துவிட்டு, நாலு நாள் கழித்து அது நெர்ஃப் ஆனதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 1200 டஸ்ட். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னாலும் புரிந்திருக்காது.

காசு போடாமல் நல்ல டெக் கிடைக்குமா?

கிடைக்கும், அக்ரோவில். தொடக்க காலத்தில் ஜூ என்ற வார்லாக் டெக் பெரும்பாலும் காமனும் ரேரும் வைத்தே கட்டியது. 1 மானா, 2 மானா மினியன்களைக் கொட்டுவது, கை காலியானால் 2 உயிர் கொடுத்து ஹீரோ பவரில் ஒரு சீட்டு உருவுவது, இவ்வளவுதான். அதை வைத்து லெஜண்ட் போனவர்கள் ஏராளம். அதே காலத்தில் கண்ட்ரோல் வாரியருக்கு லெஜண்டரிகளே ஐந்தாறு வேண்டும். 6 லெஜண்டரி என்றால் 9600 டஸ்ட். “வாலட் வாரியர்” என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

இந்த வித்தியாசம் இன்றைக்கும் ஓரளவு பொருந்தும். 2021லிருந்து கோர் செட் (அடிப்படைச் சீட்டுத் தொகுப்பு) இலவசம் என்பதால் தொடக்கம் முன்பைவிட எளிது. அதோடு ஒரு செட்டில் முதல் 10 பேக்குக்குள் (சீட்டு உறை) ஒரு லெஜண்டரி நிச்சயம், அதற்குப் பின் 40 பேக்குக்குள் ஒன்று நிச்சயம். நாலு செட்டில் சிதறவிடாமல் ஒரே செட்டில் பேக்குகளைத் திறப்பது நல்லது. டஸ்ட்டை ஒரே டெக்கில் போடுங்கள். பாதி டெக் மூன்று வைத்திருப்பவரைவிட முழு டெக் ஒன்று வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார்.

சாம்பியன் ஆடிய லிஸ்ட்டை அப்படியே காப்பி அடிக்கலாமா? அது வெட்கம் இல்லையா?

என்ன வெட்கம்? சமையல் குறிப்பைப் பார்த்துச் சாம்பார் வைத்தால் திருட்டா? தாராளமாக அடியுங்கள். ஆனால் அடித்த கையோடு “இந்தச் சீட்டு என்னிடம் இல்லை, அதற்குப் பதில் இதைப் போடுகிறேன்” என்று ஐந்து சீட்டை மாற்றாதீர்கள். முதல் 30 ஆட்டம் அப்படியே ஆடுங்கள். புளி எதற்குப் போட்டார்கள் என்று தெரிவதற்கு முன்னால் புளியை எடுக்கக் கூடாது.

காப்பி அடிக்க முடியாதது மல்லிகன். முதலில் ஆடுகிறவருக்கு 3 சீட்டு, இரண்டாமவருக்கு 4 சீட்டும் காயினும். பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கலாம். புதியவர்கள் கையில் 8 மானா லெஜண்டரி வந்தால் பொக்கிஷம் போல வைத்துக்கொள்வார்கள். 8வது டர்ன் வரை உயிரோடு இருந்தால் அல்லவா அதற்கு வேலை?

ஒரு கணக்கு சொல்கிறேன். உங்கள் டெக்கின் உயிர்நாடி ஒரே ஒரு பிரதி உள்ள சீட்டு என்று வையுங்கள். 2017ல் வந்த பிரின்ஸ் கெலசெத் அப்படிப்பட்டது: டெக்கில் வேறு 2 மானா சீட்டு இல்லையென்றால் டெக்கிலுள்ள மினியன் எல்லாவற்றுக்கும் +1/+1. முதலில் ஆடும்போது 3 சீட்டையும் திருப்பிக் கொடுத்தால், நீங்கள் 30ல் 6 சீட்டைப் பார்த்துவிட்டீர்கள். ஆக, ஆரம்பக் கையில் அது இருக்க வாய்ப்பு 20 சதவீதம். இரண்டாவதாக ஆடினால் 30ல் 8, கிட்டத்தட்ட 27 சதவீதம். ஐந்தில் ஒன்றும் நான்கில் ஒன்றும் என்றுதான் வருகிறது. கெலசெத்தை நம்பி டெக் கட்டினால், அது வராத நாலு ஆட்டத்திலும் நிற்கத் தெரிந்த டெக்காக இருக்க வேண்டும். நல்ல கெலசெத் டெக்குகள் அப்படித்தான் இருந்தன. காப்பி அடித்துக் கெலசெத்தை மட்டும் நம்பியவர்கள் புலம்பினார்கள்.

எல்லாம் லக்தானே?

ஒரு ஆட்டத்தில் ஆமாம். நூறு ஆட்டத்தில் இல்லை. மேலே உள்ள 107 ஆட்டக் கணக்கைப் பாருங்கள்.

டூர்னமெண்ட் டெக்கும் லேடர் டெக்கும் ஒன்றா?

பல நேரம் இல்லை. பல ஆண்டுகள் பெரிய போட்டிகளில் இருந்தது கான்குவெஸ்ட் முறை. ஆளுக்கு 4 டெக், நான்கும் வெவ்வேறு கிளாஸ். எதிராளி அதில் ஒன்றைத் தடை செய்யலாம். மிச்சம் 3 டெக்கிலும் தலா ஒரு வெற்றி எடுக்க வேண்டும். ஜெயித்த டெக்கைத் திரும்ப எடுக்க முடியாது.

இதில் உங்கள் அதிபலமான டெக் பெரும்பாலும் தடையில் போய்விடும். அதனால் உங்கள் நாலாவது டெக் எவ்வளவு நல்லது என்பதுதான் கேள்வி. சிலர் வேறு மாதிரி யோசிப்பார்கள்: எதிராளிகள் எல்லாரும் ஒரு குறிப்பிட்ட கண்ட்ரோல் டெக்கைக் கொண்டுவருவார்கள் என்று கணித்து, அதைத் தோற்கடிக்கும் டெக்குகளாகவே நான்கும் எடுத்து வருவார்கள். லேடரில் அக்ரோ கூட்டத்தில் சிக்கி மடியும் டெக், இங்கே தனக்குச் சாதகமான அந்த ஒரு எதிரியைக் குறிவைத்து ஆடும். 2019ல் பிளிஸார்டின் விழாவான பிளிஸ்கானில் சீனாவின் லியூன் உலகப் பட்டம் வென்றார், அப்படி வென்ற முதல் பெண் அவர். இந்த மாதிரிப் பெரிய இறுதி ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்தால் பாதி ஆட்டம் தடை செய்யும் கட்டத்திலேயே தொடங்கிவிடுவது தெரியும்.

40 சீட்டு டெக் ஆடலாமா?

2022 ஜூனில் பிரின்ஸ் ரெனதால் வந்தார். டெக்கில் அவரை வைத்தால் 40 சீட்டு, 40 உயிர். 10 சீட்டு அதிகம் என்பது பாரம், நல்ல சீட்டு கையில் வருவது குறையும். ஆனால் 10 உயிர் அந்தப் பாரத்தைச் சுலபமாகத் தாங்கியது, அதனால் ஊர் முழுக்க ரெனதால் ஆனது. செப்டம்பரில் உயிரை 35 ஆக்கினார்கள். அக்ரோவுக்கு இந்தக் கட்டு தேவையே இல்லை, மற்றவர்கள் யோசிக்கலாம்.

ஸ்டாண்டர்டா, வைல்டா?

2016 ஏப்ரலில்தான் இந்தப் பிரிவு வந்தது. ஸ்டாண்டர்டில் சமீபத்திய செட்டுகள் மட்டும், பழையவை ஆண்டுதோறும் வெளியேறும். வைல்டில் எல்லாம் உண்டு. பழைய சீட்டு நிறைய வைத்திருந்தால் வைல்டு சொர்க்கம், புதிதாக வருகிறவருக்கு அது காடு. வைல்டில் எப்போது எந்தப் பழைய சீட்டும் புதுச் சீட்டும் சேர்ந்து வெடிக்கும் என்று சொல்ல முடியாது. 2021ல் ஸ்டீலர் ஆஃப் சோல்ஸ் வந்தபோது, உருவுகிற சீட்டுக்கு மானாவுக்குப் பதில் உயிரைக் கொடுக்கலாம் என்ற அதன் விதியைப் பழைய சீட்டுகளோடு சேர்த்து ஒரே டர்னில் ஆட்டத்தை முடித்தார்கள். நெர்ஃப் எல்லாம் பார்க்காமல் அதை வைல்டில் தடையே செய்துவிட்டார்கள்.

புது செட் வந்த முதல் வாரம் எதை ஆடுவது?

அக்ரோ. முதல் வாரத்தில் எல்லாரும் புது லெஜண்டரிகளைக் கோத்து 10 மானா கனவு கண்டுகொண்டிருப்பார்கள், டெக்கில் பாதி ஓட்டை. கண்ட்ரோல் டெக்குக்கு எதைத் தடுக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் சரியான சீட்டை வைக்க முடியும், அது முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாது. முகத்தில் அடிப்பதற்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். புது லெஜண்டரி எதையும் இரண்டு வாரம் செய்யாதீர்கள். முதல் நாள் “உலகமே மாறப்போகிறது” என்று பேசப்படும் சீட்டில் பாதி, மாதம் முடிவதற்குள் யார் டெக்கிலும் இருக்காது.

கடைசியாக ஒன்று. நீங்கள் இப்போது என்ன டெக் ஆடுகிறீர்கள்?

வாரியர். கவசம் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டைமண்ட் 3ல் இரண்டு வாரமாக.